தட்டில் தொலைந்த துவர்ப்பு

நாவலிலும் நெல்லியிலும் வாழைப்பூவிலும் இருக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் இன்று மாத்திரை டப்பாவில் விற்கிறது. மருத்துவ ஆய்வுகள் சொல்வது என்ன? நம் சமையலறையில் இருப்பது என்ன?

ஆனி பிறந்துவிட்டால் பழைய மகாபலிபுரம் சாலையோரம் நாவல் பழக் கூடைகள் வந்து இறங்கிவிடும். சிறுசேரி சிப்காட்டுக்குத் திரும்பும் முனையில், கம்பெனி பஸ்களும் ஷேர் ஆட்டோக்களும் நெருக்கியடிக்கும் இடத்தில், ஓர் அம்மா முறத்தில் பழத்தைக் குவித்து வைத்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்க பஸ்ஸை விட்டு இறங்கிய இளைஞர் ஒருவர் கால் கிலோ கேட்டார். பழத்தை ஒரு கிண்ணத்தில் போட்டு, ஒரு சிட்டிகை உப்பைத் தூவி, மூடிக் குலுக்கிக் கொடுத்தார் அந்த அம்மா.

முதல் பழத்தைக் கடித்ததும் இளைஞரின் முகம் சுருங்கியது.

“என்னம்மா, தொண்டையைப் பிடிக்குது?”

“துவர்ப்புப்பா அது. நாவல்னா அப்படித்தான் இருக்கும். இன்னும் ரெண்டு தின்னு, பழகிப்போயிடும்.”

பாதிப் பழம் தீர்ந்தபோது அவர் நாக்கு கருநீலமாகியிருந்தது. செல்போன் கேமராவைத் திருப்பி நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

அந்த நீலத்தைத் தந்தது ஆந்தோசயனின். தொண்டையைப் பிடித்தது டானின். இரண்டுமே பாலிஃபீனால் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை. விளம்பரங்களில் ‘ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது’ என்று கொட்டை எழுத்தில் வருகிறதே, அந்தச் சத்துகளில் பெரும்பகுதி இந்தக் குடும்பம்தான். டானின் நம் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. வாயின் வழவழப்பு போய் நாக்கு வறண்டு இழுக்கிறது. அதைத்தான் துவர்ப்பு என்கிறோம்.

அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்தவர்கள் நாம். இன்றைய மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாருங்கள். உப்பு இருக்கிறது, காரம் இருக்கிறது, புளிப்பும் இனிப்பும் இருக்கின்றன. துவர்ப்பும் கசப்பும் காணாமல் போய்விட்டன. அவற்றோடு சேர்ந்து போனவை வெறும் சுவைகள் அல்ல.

துரு ஏறும் உடம்பு

சிறுசேரிக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் கோவளம் கடற்கரை. இந்தப் பக்கம் வீடு கட்டியவர்களைக் கேட்டால் உப்புக்காற்றின் கதையைச் சொல்வார்கள். இரும்புக் கேட்டுக்கு எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் ஓரத்தில் செம்பழுப்பாகத் துரு கிளம்பிவிடும். இரும்போடு ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்தால் துரு. உப்பு அதை விரைவுபடுத்தும்.

சமையலறையிலும் இதே வேலை நடக்கிறது. திறந்து வைத்த எண்ணெய் நாள்பட்டால் காறல் வாடை அடிக்கிறது. எண்ணெயிலுள்ள கொழுப்பை ஆக்சிஜன் அரித்துவிட்டது என்று பொருள்.

நம் உடம்புக்குள்ளும் அப்படித்தான். சோறு எரிந்து சக்தியாகும்போது ஃப்ரீ ராடிக்கல் எனப்படும் துடிப்பான மூலக்கூறுகள் உண்டாகின்றன. எலெக்ட்ரான் ஒன்று துணையில்லாமல் நிற்பதால், பக்கத்திலிருக்கும் கொழுப்பிலோ புரதத்திலோ மரபணுவிலோ கை வைத்துப் பறிக்கப் பார்க்கும். பறிகொடுத்தது அடுத்ததிடம் பறிக்கும். சங்கிலி நீளும். புகையிலைப் புகை, வாகனப் புகை, கடும் வெயில் எல்லாம் இதைக் கூட்டுகின்றன. முதுமைக்கே இந்தச் சேதம்தான் காரணம் என்ற கொள்கையை 1956-ல் முன்வைத்தார் அமெரிக்க விஞ்ஞானி டென்ஹாம் ஹார்மன். இந்தப் பறிப்பைத் தடுக்கும் பொருள்தான் ஆன்டிஆக்ஸிடன்ட். அதன் மீது உலகத்துக்கு வந்த மோகத்தின் வேர் அங்கே இருக்கிறது.

ஆனால் உடம்பு வெறும் இரும்புக் கேட் அல்ல. அதற்குச் சொந்தக் காவல் உண்டு. குளூட்டாதயோன் என்ற பொருளும், கேட்டலேஸ் போன்ற நொதிகளும் செல்லுக்குள்ளேயே சுரந்து இந்தச் சங்கிலியை அறுக்கின்றன. இன்னொரு விஷயமும் உண்டு. ஃப்ரீ ராடிக்கல் எல்லாமே பகை அல்ல. உள்ளே நுழைந்த கிருமியைக் கொல்ல வெள்ளை அணுக்கள் அவற்றைத்தான் ஆயுதமாக எடுக்கின்றன. ஆகவே அவற்றைத் துடைத்தெறிவது நம் குறிக்கோள் ஆக முடியாது. அளவோடு வைத்திருப்பதே குறிக்கோள். இதை மறந்ததால் வந்த வினையைப் பிறகு பார்ப்போம்.

ஓட முடியாத செடியின் ஆயுதம்

செடி எதற்காக இந்தப் பொருள்களைத் தயாரிக்கிறது? நமக்காக இல்லை. வெயில் சுட்டால் நிழலுக்கு ஓட அதற்குக் கால் இல்லை. புழு கடித்தால் தட்டிவிடக் கை இல்லை. நின்ற இடத்திலேயே பிழைக்க வேண்டும். அதனால் வெயிலைத் தாங்க நிறமிகளையும், பூச்சியை விரட்டத் துவர்ப்பையும் கசப்பையும் தனக்குள்ளேயே காய்ச்சிக்கொள்கிறது. தோலிலும் தவிட்டிலும் இலையிலும் அவை அதிகம் இருப்பதன் காரணம் இதுதான். எல்லையில்தானே காவல் வேண்டும்!

இதைக் கண்ணால் பார்க்க ஆசையென்றால் ஒரு வாழைப்பூவை வாங்கி வாருங்கள். மடலை உரித்து, ஒவ்வொரு பூவிலும் நடுவே தலை தூக்கி நிற்கும் கள்ளனையும் அடியில் ஒட்டியிருக்கும் கண்ணாடி போன்ற செதிலையும் கிள்ளி எடுங்கள். விரல் நுனி கறையேறிக் கறுக்கும். நறுக்கியதை அப்படியே விட்டால் கொஞ்ச நேரத்தில் அதுவும் கறுத்துவிடும். வெட்டுப்பட்ட இடத்தில் பாலிஃபீனாலும் அதை ஆக்சிஜனோடு சேர்க்கும் நொதியும் சந்திப்பதால் வருகிற கறுப்பு அது. நம் வீடுகளில் என்ன செய்வார்கள்? நறுக்க நறுக்க நீர்மோரில் போடுவார்கள். மோரின் புளிப்பு அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுகிறது. பூ வெளுப்பாகவே இருக்கிறது. பெயர் தெரியாமலே நம் வீட்டுப் பெண்கள் செய்துவந்த வேதியியல் இது.

எது எதில் இருக்கிறது?

வைட்டமின் சி-யில் தொடங்குவோம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுப் பட்டியலின்படி, 100 கிராம் பெரிய நெல்லிக்காயில் சுமார் 250 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு. கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல். ஆரஞ்சு இவற்றின் பக்கத்தில்கூட வராது. நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஆப்பிள் வாங்கிப் போகிறோம். கொய்யா வாங்கிப் போனால் பல மடங்கு வைட்டமின் சி-யைக் கொண்டுபோகிறோம். மாமல்லபுரம் கடற்கரைக்குப் போகிறவர்கள் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்னும் கொய்யாவும் நெல்லியும் எந்த இறக்குமதிப் பழத்துக்கும் இளைத்தவை அல்ல. உப்பை மட்டும் குறைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது கரோட்டினாய்டு. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் தெரிவது. பப்பாளி, பரங்கிக்காய், கேரட் ஆகியவற்றில் வெளிப்படையாகத் தெரியும். முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, பொன்னாங்கண்ணியில் பச்சைக்கு அடியில் ஒளிந்திருக்கும். இது கொழுப்பில் கரையும் சத்து. எண்ணெயோ தேங்காயோ கூட இருந்தால்தான் குடல் உறிஞ்சும். முருங்கைக்கீரையில் தேங்காய் துருவிப் போடுவதும், கடைந்த கீரைக்கு நல்லெண்ணெயில் தாளித்துக் கொட்டுவதும் ருசிக்காக மட்டும் வந்த பழக்கம் இல்லை போலும். தக்காளியின் சிவப்பான லைக்கோபீனும் அப்படியே. பச்சையாகத் தின்பதைவிட எண்ணெயில் வதக்கிய தொக்கிலிருந்து உடம்பு அதிகம் எடுத்துக்கொள்கிறது.

நீலம், ஊதா, கறுப்பு நிறங்களில் ஆந்தோசயனின். நாவல் பழம், கத்திரிக்காயின் தோல், கறுப்புக் கவுனி அரிசியின் தவிடு. அரிசியைத் தீட்டத் தீட்ட இது தவிட்டோடு போய்விடும். ‘செங்கல்பட்டு சிறுமணி’ என்று, சிறுசேரி இருக்கும் இந்தச் செங்கல்பட்டு மண்ணின் பேரிலேயே ஒரு பாரம்பரிய நெல் உண்டு. எந்த நெல்லானாலும் தவிடு கொஞ்சம் ஒட்டியிருக்கும்படி அரைத்தால் சத்து நிற்கும். கேழ்வரகின் பாலிஃபீனாலும் அதன் செந்நிறத் தோலில்தான் பெரும்பாலும் இருக்கிறது. சலித்தெடுத்த மாவைவிட முழுத் தானியமாக அரைத்த மாவில் கூழ் காய்ச்சினால் அது நம் வயிற்றுக்கு வரும்.

சின்ன வெங்காயத்தில் குவெர்சடின். அதுவும் மேல் அடுக்குகளில் அதிகம். காய்ந்த சருகை மட்டும் நீக்கினால் போதும், சதையோடு உரித்துத் தள்ளத் தேவையில்லை. எள்ளில் செசமின், செசமோலின். நல்லெண்ணெய் மற்ற எண்ணெய்களைவிட மெதுவாகக் காறுவதற்கும், ஊறுகாய்க்கு அதை ஊற்றுவதற்கும் இவையும் ஒரு காரணம். தன்னைக் காத்துக்கொள்ளும் ஆன்டிஆக்ஸிடன்ட்டை எண்ணெய் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது.

மஞ்சளின் குர்குமினை உடம்பு லேசில் உறிஞ்சுவதில்லை. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-ல் ஒன்றைக் கண்டார்கள். 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் மிளகுச் சத்தான பிப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது, மனித உடம்பில் அது கிடைக்கும் அளவு 2000 சதவீதம் கூடியது. ரசத்தில் மஞ்சளும் மிளகும் சேர்ந்தே இருக்கின்றன. அதற்காக ஒரு கரண்டி ரசம் மருந்தாகிவிடாது. மஞ்சள்தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம்தான். தினமும் கொஞ்சமாக, வாழ்நாள் முழுக்கச் சேரும் உணவு அது.

மாத்திரையாக்கியபோது என்ன நடந்தது?

“இவ்வளவு நல்லது என்றால், சாரத்தைப் பிழிந்து மாத்திரையாகப் போட்டுக்கொண்டால் வேலை சுலபமாயிற்றே?” ஐ.டி. வேலையின் அவசரத்தில் யாருக்கும் வரும் நியாயமான கேள்வி. விஞ்ஞானிகளுக்கும் வந்தது. விடை அவர்களையே திடுக்கிட வைத்தது.

ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கேரட்டில் உள்ள அதே பீட்டா கரோட்டின், நாளுக்கு 20 மில்லிகிராம் மாத்திரையாகக் கொடுக்கப்பட்டது. நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களும் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களுமாக 18,314 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில், பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-யும் பெற்றவர்களுக்கு 28 சதவீதம் கூடுதலாக வந்தது. 1996 ஜனவரியில், குறித்த காலத்துக்கு 21 மாதங்கள் முன்னதாகவே அந்த ஆய்வை நிறுத்தினார்கள்.

வைட்டமின் ஈ மாத்திரைக்கும் இதே கதை. 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வில், அதைச் சாப்பிட்டவர்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் என்று 2011-ல் தெரியவந்தது. ஜிம்முக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது 2009-ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வு. உடற்பயிற்சியோடு வைட்டமின் சி, ஈ மாத்திரைகளைச் சேர்த்து எடுத்த இளைஞர்களிடம், இன்சுலின் நன்றாக வேலை செய்வது என்ற பயிற்சியின் முக்கியப் பலனே கிடைக்கவில்லை. பயிற்சியின்போது உண்டாகும் ஃப்ரீ ராடிக்கல்தான் ‘உன்னைப் பலப்படுத்திக்கொள்’ என்று தசைக்குச் சேதி சொல்கிறது. சேதி கொண்டுவந்தவனை வாசலிலேயே மடக்கிவிட்டது மாத்திரை. செறிவூட்டிய மஞ்சள் கேப்ஸ்யூல் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததும் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கிறது.

விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். கண்ணின் விழித்திரை மையம் தேயும் நோய் ஓரளவு வந்துவிட்ட முதியவர்களுக்கு, ஆன்டிஆக்ஸிடன்ட்டும் துத்தநாகமும் சேர்ந்த மாத்திரை அது முற்றும் அபாயத்தை 25 சதவீதம் குறைத்தது என்று 2001-ல் அமெரிக்க ஆய்வு காட்டியது. அது கண் மருத்துவர் பார்த்து எழுதித் தர வேண்டிய மருந்து. மருந்துக்கடையில் நாமாகக் கேட்டு வாங்குவது அல்ல.

கூட்டத்தோடு வந்தால்தான் பலன்

அப்படியென்றால் காய்கறியும் பழமும் அதிகம் உண்பவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறைவு என்று எத்தனையோ ஆய்வுகள் சொல்கின்றனவே, அது எப்படி?

உணவில் இந்தச் சத்து தனியாக வருவதில்லை. நார்ச்சத்து, பொட்டாசியம், ஃபோலிக் அமிலம், நூற்றுக்கணக்கான தாவரப் பொருள்கள் என்று கூட்டமாக, சிறு சிறு அளவில் வருகிறது. பாலிஃபீனாலில் பெரும்பகுதி ரத்தத்தில் நேரடியாகச் சேர்வதே இல்லை. பெருங்குடல் வரை போய், அங்கே வாழும் நல்ல பாக்டீரியாக்களுக்கு இரையாகி, வேறு பொருள்களாக மாறித்தான் ரத்தத்தில் ஏறுகிறது. செல்லுக்குள் அது நேரே நின்று போரிடுவதைவிட, உடம்பின் சொந்தக் காவலைத் தட்டி எழுப்புகிறது என்பதே இப்போது ஆய்வாளர்கள் வலுவாகப் பார்க்கும் விளக்கம். எழுப்புவதற்குச் சின்னத் தட்டல் போதும். கதவை உடைத்தால் வீடே போய்விடும்.

சோதனைக் குழாயில் எந்தப் பழத்துக்கு எவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட் சக்தி என்று மதிப்பெண் போட்டு வைத்திருந்த அமெரிக்க வேளாண் துறை, அந்தப் பட்டியலை 2012-ல் தன் இணையதளத்திலிருந்தே எடுத்துவிட்டது. குழாயில் நடப்பது உடம்பில் அப்படியே நடப்பதில்லை, விற்பனைக்காரர்கள் அந்த எண்களைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் காரணம். ‘சூப்பர் ஃபுட்’ என்று விலையேற்றி விற்பவர்களிடம் இதை நினைவில் வையுங்கள்.

துவர்ப்பெல்லாம் நல்லது என்றும் நினைத்துவிடக் கூடாது. பாக்கும் துவர்க்கும். ஆனால் புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் அறிவித்துவிட்டது. டீயும் துவர்க்கும், அதில் நல்ல பாலிஃபீனால் உண்டு. ஆனால் சாப்பாட்டோடு குடித்தால் அதே பாலிஃபீனால் உணவிலுள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. டிஃபனோடு காபி, டீ குடிக்கும் வழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவது நம் வீட்டுப் பெண்களுக்கு நாம் செய்யும் உதவி. அதே வேளையில் கீரையோடு எலுமிச்சையோ நெல்லியோ சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

எவ்வளவு, எப்படி?

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொன்னது. நாற்காலியில் உட்கார்ந்தே பத்து மணி நேரம் வேலை பார்க்கும் சிறுசேரிக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2024 மே மாதம் ஐ.சி.எம்.ஆரும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வெளியிட்ட உணவு வழிகாட்டியின் கணக்கு இது: நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் கீரையும், 100 கிராம் பழம். நம் தட்டில் சோறு மலையாகவும் பொரியல் அதன் ஓரத்துச் சிறு கல்லாகவும் இருக்கிறது. தட்டின் பாதியைக் காய்கறிக்கும் பழத்துக்கும் கொடுக்கச் சொல்கிறார்கள்.

நடைமுறையில் கடைப்பிடிக்க:

• வாரத்தில் நான்கு நாளாவது கீரை, ஒவ்வொரு முறையும் வேறு கீரை. வாங்கிய அன்றே சமையுங்கள். வாட வாட வைட்டமின் சி குறையும்.

• கழுவிய பின் நறுக்குங்கள். நறுக்கிக் கழுவினால் சத்து தண்ணீரோடு போகும். குறைந்த நீரில் வேகவைத்து, அந்த நீரை ரசத்தில் சேருங்கள்.

• பழத்தைச் சாறாக்கி வடிகட்ட வேண்டாம். கொய்யாவை விதையோடு, கத்திரிக்காயைத் தோலோடு, வேர்க்கடலையை மெல்லிய தோலோடு சாப்பிடுங்கள்.

• பலமுறை காய்ச்சிய எண்ணெயில் பொரித்ததைத் தவிர்த்துவிடுங்கள். ஆக்சிஜன் அரித்த கொழுப்பைத் தின்றுவிட்டு ஆன்டிஆக்ஸிடன்ட் தேடுவதில் பொருளில்லை.

• பி.ஜி. விடுதியில் அடுப்பு இல்லையா? இரண்டு நெல்லி, ஒரு கொய்யா, ஒரு பிடி வேகவைத்த கடலை அல்லது சுண்டல். இதற்கு அடுப்பு தேவையில்லை, சாலையோரத்திலேயே கிடைக்கும்.

• வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மாத்திரை எடுப்பவர்களும் சிறுநீரக நோயாளிகளும் கீரையின் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் எந்த ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையையும் மருத்துவருக்குத் தெரியாமல் எடுக்க வேண்டாம்.

பக்கத்திலேயே இருக்கிறது

செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் 1986 முதல் மூலிகைச் செடிகளை வளர்த்துப் பாதுகாத்து வருகிறது. எந்த இலை எப்போது துளிர்க்கும், எதை எவ்வளவு தின்னலாம் என்ற அறிவு இந்த மாவட்டத்தின் வேலியோரங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. முருங்கைக்குப் பெரிய தோட்டம் வேண்டியதில்லை. ஒரு கொம்பை வெட்டி ஈர மண்ணில் நட்டால் துளிர்த்துவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பின் மதிலோரத்தில் அழகுச் செடிகளுக்கு நடுவே ஒரு முருங்கைக்கு இடம் கொடுத்தால் பத்துக் குடும்பம் கீரை பறிக்கும்.

ஆடி கழிந்தால் நாவல் கூடை மறைந்துவிடும். மழைக்காலம் நெருங்கும்போது நெல்லி குவியும். தை பிறந்தால் பனங்கிழங்குக் கட்டுகள் வரும், வெயில் ஏறினால் நுங்கு. கீரைக்கு மட்டும் ஓய்வே இல்லை. நாம் மூடி திருகித் திறக்கும் டப்பாவுக்குள் இந்த வரிசை அடங்காது.

நாக்கு பழகிய சுவையைத்தான் கேட்கும். நாவலுக்கும் வாழைப்பூவுக்கும் சுண்டைக்காய்க்கும் பழகாத பிள்ளை முதல் வாயிலேயே முகம் சுளிக்கும். தட்டை நகர்த்திவிட்டுச் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்துவிடாதீர்கள். சிறுசேரி முனையில் உப்புப் போட்டுக் குலுக்கிக் கொடுத்த அந்த அம்மா சொன்னதையே சொல்லுங்கள்: இன்னும் ரெண்டு தின்னு, பழகிப்போயிடும்.